ஆய்வு முன்மொழிவின் முதல் இரு அத்தியாயங்கள்: திருகோணமலை மேற்பார்வையாளர்களுக்கும் மதிப்பீட்டுக் குழுவினருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மேற்பார்வையாளர்களுக்கும் ஆய்வு முன்மொழிவு மதிப்பீட்டுக் குழுவினருக்கும் வணக்கம்.

பாடசாலைப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னர், இந்த மாவட்டத்தில் உயர்கல்வி கற்போர் எழுதும் ஆய்வு முன்மொழிவுகளை மொழித்திருத்தம் செய்து கொடுத்து வருகிறேன். இறுதியாண்டு மாணவர்கள், கல்வியியல் முதுமாணிக்குப் பதிந்துள்ள ஆசிரியர்கள், வெளிவாரியாகப் பயிலும் பிரதேச செயலக உத்தியோகத்தர்கள் என வருவோர் பலதரப்பட்டவர்கள். தலைப்புகளும் கரைவலை மீன்பிடி முதல் நிலாவெளி விடுதிகளின் சேவைத்தரம் வரை, மூலிகை ஆய்வு முதல் பாடசாலை இடைவிலகல் வரை விரிந்தவை. ஆனால் எந்தத் துறையைச் சேர்ந்த முன்மொழிவாயினும், அதன் முதல் இரு அத்தியாயங்களான அறிமுகமும் இலக்கிய மீளாய்வும் ஏறத்தாழ ஒரே வகையில் பழுதுபட்டிருக்கின்றன. சந்தியும் ஒற்றும் திருத்துவதால் நீங்கிவிடும் பழுதன்று அது. மாணவர்களிடம் நாம் எதைக் கேட்கிறோமோ அதைத்தான் அவர்கள் எழுதித் தருகிறார்கள். ஆகவேதான் இம்மடலை அவர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

அவர்கள் கொண்டுவரும் வழிகாட்டிக் குறிப்புகளை நானும் வாசிக்கிறேன். அறிமுகம் இத்தனை பக்கத்துக்குக் குறையக் கூடாது, உசாத்துணைகள் இத்தனைக்குக் குறையக் கூடாது, அவற்றுள் பெரும்பாலானவை கடந்த ஐந்து ஆண்டுகளுக்குள் வெளிவந்தவையாக இருக்க வேண்டும், ஆய்வு இடைவெளி என்றொரு உபதலைப்பு கட்டாயம் இருக்க வேண்டும் என்பன போன்ற விதிகளே அவற்றில் மேலோங்கி நிற்கின்றன. இவை அனைத்தும் எண்ணிப் பார்த்துச் சரிபிழை இடக்கூடியவை. ஒரே கிழமையில் ஐம்பது முன்மொழிவுகளை மதிப்பிட வேண்டிய விரிவுரையாளருக்கு அது பெரிய வசதி என்பதை நான் மறுக்கவில்லை. எனினும் பக்கத்தைக் கேட்டால் பக்கம் வரும். எண்ணிக்கையைக் கேட்டால் எண்ணிக்கை வரும். ஆய்வு வினா ஒன்று உண்டா, அந்த வினாவை இந்த மாணவர் ஏன் இந்த இடத்தில் கேட்கிறார், அதைப்பற்றி இதற்கு முன் யார் என்ன சொல்லி எங்கே நிறுத்தினார்கள் என்ற மூன்றையும் இவ்விரு அத்தியாயங்களிலிருந்து ஒருவர் அறிந்துகொள்ள வேண்டும். அவற்றைக் கேட்கும் விதி அந்தக் குறிப்புகளில் எனக்கு அகப்படவில்லை.

முதலில் அறிமுகத்தை எடுத்துக்கொள்கிறேன். குச்சவெளிப் பிரதேசத்துக் கரையோரக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த மாணவர் ஒருவர், கரைவலைத் தொழிலாளரின் வருமானம் பற்றிய முன்மொழிவைக் கொண்டு வந்தார். அதன் முதற்பக்கம் உலக மீன் உற்பத்தியில் தொடங்கியது. அடுத்த பக்கம் ஆசியா. அதற்கடுத்தது இலங்கையின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் மீன்பிடித் துறையின் பங்கு. அதன் பின்னர் கிழக்கு மாகாணத்தின் கரையோர நீளம். தன் ஊருக்கு அவர் வந்து சேர்ந்தபோது நான்காம் பக்கம் பாதி முடிந்துவிட்டது. அங்கேயும் 'இப்பிரதேச மக்களின் பிரதான வாழ்வாதாரம் மீன்பிடியாகும்' என்ற ஒற்றை வாக்கியத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. 'தம்பி, இதை ஏன் ஆராயப் போகிறீர்?' என்று கேட்டபோதுதான் அவர் வாய் திறந்தார். முன்பெல்லாம் வலையின் இரு கயிற்றையும் இழுக்க இருபது முப்பது பேர் வேண்டும் என்றும், பிடிபட்ட மீனில் வலை உடைமையாளரான சம்மாட்டியின் பங்கு போக மிச்சம் அவர்களுக்குள் பிரிக்கப்பட்டது என்றும், இப்போது உழவு இயந்திரம் இழுப்பதால் ஆட்கள் குறைந்துவிட்டார்கள் என்றும், இயந்திரத்துக்கும் ஒரு பங்கு போகிறது என்றும், தன் தகப்பனார் கடைசியாகப் பங்கு வாங்கிய பருவம் எது என்றும் விளக்கமாகச் சொன்னார். அந்தப் பேச்சில் ஆய்வுப் பிரச்சினை முழுவதும் இருந்தது. எழுதிய நான்கு பக்கத்தில் அதன் சாயல்கூட இல்லை. இப்படி எழுதினால் ஏற்றுக்கொள்வார்களா, இது சொந்தக் கதைபோல் இருக்காதா என்பதே அவருடைய பயம்.

அவருடைய பயம் நியாயமற்றது என்று சொல்ல எனக்குத் துணையாக இருப்பவர் ஜோன் சுவேல்ஸ் என்ற மொழியியல் அறிஞர். வெவ்வேறு துறைகளின் ஆய்வுக் கட்டுரைகள் எப்படித் தொடங்குகின்றன என்பதை ஆராய்ந்த அவர், 1990இல் வெளியிட்ட நூலில் அவற்றின் அறிமுகங்கள் பெரும்பாலும் மூன்று நகர்வுகளில் அமைவதாகக் காட்டினார். முதலில் எழுதுபவர் தம் களம் எது என்பதையும் அது ஏன் கவனத்துக்குரியது என்பதையும் நிறுவுகிறார். அடுத்து அந்தக் களத்தில் இன்னும் தீராமல் இருக்கும் ஒன்றைச் சுட்டுகிறார். மூன்றாவதாக அதைத் தாம் எவ்வாறு எடுத்துக்கொள்ளப் போகிறார் என்பதைச் சொல்கிறார். முன்மொழிவில் மூன்றாம் நகர்வு எதிர்காலத்தில் அமையும் என்பது ஒன்றே வேறுபாடு. இதை ஒரு சட்டமாக யாரும் கொள்ள வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் அச்சேறிய கட்டுரைகளிலிருந்து பெறப்பட்ட ஓர் அவதானிப்பே அது. ஆனால் நம் முன்மொழிவுகளை அதன் அருகில் வைத்துப் பார்த்தால் குறை எங்கே என்பது உடனே தெரிகிறது. அவை முதல் நகர்விலேயே நான்கு பக்கத்தைச் செலவிட்டு, இரண்டாவதை ஒரு வாக்கியத்தில் தாண்டி, மூன்றாவதற்குப் பதிலாகக் குறிக்கோள்களின் பட்டியலை ஒட்டிவிடுகின்றன.

அந்த மாணவரிடம் உலகத்தையும் ஆசியாவையும் விட்டுவிட்டு எழுதச் சொன்னேன். திருப்பிக் கொண்டு வந்த தொடக்கம் ஏறத்தாழ இப்படி இருந்தது: 'கரைவலையில் பிடிபடும் மீன், வலை உடைமையாளருக்கும் கயிறு இழுப்போருக்கும் இடையே பங்கு முறையில் பிரிக்கப்படுகிறது. ஆய்வுப் பிரதேசத்தில் ஆட்களின் இடத்தில் உழவு இயந்திரம் பயன்படத் தொடங்கிய பின்னர் இந்தப் பங்குமுறை மாறியிருப்பதாகத் தொழிலாளர் கூறுகின்றனர். பங்குமுறை எந்த அளவுக்கு மாறியுள்ளது, அதனால் வேலை இழந்தோர் எந்தத் தொழிலுக்குச் சென்றுள்ளனர் என்பன இவ்வாய்வின் வினாக்களாகும்.' மூன்றே வாக்கியங்கள்தாம். மதிப்பீட்டுக் குழுவில் உள்ள ஒருவர் இதை வாசித்து முடிக்கும்போது, வினாக்கொத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதை ஊகித்துவிடலாம். யாரை நேர்கண்டு பேச வேண்டும் என்பதும் புலப்படும். தேசிய உற்பத்தியில் மீன்பிடியின் பங்கு எத்தனை வீதம் என்பது இந்த வினாக்களுக்கு எந்த வகையிலும் வேண்டியதில்லை.

பின்னணித் தரவுகளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வினாவுக்கு வேண்டிய தரவு, அதன் குறைபாட்டையும் சேர்த்துச் சொல்லப்பட வேண்டும் என்கிறேன். எம் மாவட்டத்தின் குடித்தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். 1981இல் முழுமையான குடிசன மதிப்பீடு நடந்தது. 1991இல் நாட்டிலேயே நடக்கவில்லை. 2001இல் நடந்தபோது திருகோணமலை உட்பட வடக்குக் கிழக்கின் பெரும்பாலான மாவட்டங்களில் அதை முழுமையாக நடத்த முடியவில்லை. ஆகவே 1981க்குப் பின்னர் இங்கு முழுமையாக எடுக்கப்பட்ட முதல் மதிப்பீடு 2012இனுடையதே. இந்த 31 ஆண்டு இடைவெளிக்குள் யுத்தமும் இடப்பெயர்வும் மீள்குடியேற்றமும் 2004 ஆழிப்பேரலையும் அடங்கியுள்ளன. ஆனால் நான் பார்க்கும் முன்மொழிவுகளில் 1981, 2001, 2012 ஆகிய மூன்று ஆண்டுகளின் தொகைகளும் ஒரே அட்டவணையில் பக்கம் பக்கமாக நிற்கின்றன; கீழே 'குடித்தொகை சீராக அதிகரித்து வந்துள்ளது' என்ற குறிப்பும் இருக்கிறது. 2001இன் தொகை முழுமையற்றது என்ற அடிக்குறிப்பை யாரும் எழுதுவதில்லை; எழுதாததற்காக யாரும் புள்ளி இழப்பதும் இல்லை. மீள்குடியேறியோர் பற்றிய ஆய்வு ஒன்றில் இந்த அடிக்குறிப்பே ஆய்வுப் பிரச்சினையின் பாதி அல்லவா?

இலக்கிய மீளாய்வுக்கு வருகிறேன். இதுபற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

இப்போது எழுதப்படும் மீளாய்வின் அமைப்பு உங்களுக்குத் தெரிந்ததே. ஒருவர் பெயர், அடைப்புக்குள் ஆண்டு, 'என்று கூறுகிறார்'; அடுத்த பந்தியில் இன்னொருவர் பெயர், அடைப்புக்குள் ஆண்டு, 'என்று குறிப்பிடுகிறார்'. பந்திகளின் வரிசையைக் கலைத்துப் போட்டாலும் அத்தியாயத்துக்கு ஒரு சேதமும் வராது. இவர்கள் ஒருவருக்கொருவர் உடன்படுகிறார்களா, முரண்படுகிறார்களா, ஒருவர் பார்க்காத எதை மற்றவர் பார்த்தார் என்பது எங்கும் சொல்லப்படுவதில்லை. சேவைத்தரம் பற்றிய முன்மொழிவுகளில் இதை மிகத் தெளிவாகக் காணலாம். பரசுராமன், சைதாமல், பெரி ஆகிய மூவரும் 1988இல் வெளியிட்ட சேர்வ்குவால் அளவுகோல், 22 கூற்றுகளைக் கொண்டு வாடிக்கையாளரின் எதிர்பார்ப்பையும் பெற்ற அனுபவத்தையும் தனித்தனியே அளந்து, இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டைச் சேவைத்தரமாகக் கொள்கிறது. குரோனினும் டெய்லரும் 1992இல் அதை எதிர்த்து, எதிர்பார்ப்பை அளக்க வேண்டியதில்லை, அனுபவத்தை மாத்திரம் அளந்தால் போதும் என்று வாதிட்டார்கள். ஒரே பந்தியில் இரு தரப்பினரையும் அடுத்தடுத்து மேற்கோள் காட்டி, அவர்கள் ஒரே கருத்தினர்போல் 'சேவைத்தரம் முக்கியமானது' என்று முடித்துவிட்டு, மூன்றாம் அத்தியாயத்தில் எதிர்பார்ப்பையும் அளக்கும் வினாக்கொத்தை இணைக்கும் முன்மொழிவுகளை நான் பார்த்திருக்கிறேன். நிலாவெளி விடுதி ஒன்றில் இரண்டு இரவு தங்கிவிட்டுப் புறப்படும் பயணியிடம், 'வருவதற்கு முன் நீங்கள் என்ன எதிர்பார்த்தீர்கள்' என்று கேட்டால் கிடைக்கும் விடை எவ்வளவு நம்பத்தக்கது என்ற கேள்வி, இந்த வாதத்தை வாசித்திருந்தால் முன்மொழிவை எழுதிய மாணவருக்கே எழுந்திருக்கும். அவருடைய மீளாய்வின் மையமும் அதுவாகவே இருந்திருக்கும்.

கரைவலைக்குத் திரும்புகிறேன். அந்த மாணவரின் முதல் வரைவில் எலினோர் ஒஸ்ட்ரம் பெயர் இருந்தது. பொதுவளம் என்பதற்கு அவர் தந்த வரையறை, 2019இல் வெளிவந்த வேறொரு கட்டுரை வழியாக எடுத்தாளப்பட்டிருந்தது. ஒஸ்ட்ரம் 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர் என்ற தகவலும் இருந்தது. பொதுவளங்களை மக்கள் தாமே ஆளுவது பற்றி 1990இல் அவர் எழுதிய அந்த நூலை மாணவர் திறந்து பார்த்திருந்தால், அதிலே இலங்கையின் தென்கரையில் உள்ள மாவெல்ல என்ற கரைவலைக் கிராமம் பற்றிய பகுதி ஒன்று இருப்பதைக் கண்டிருப்பார். அதுவும் வெற்றிக் கதையாகச் சொல்லப்படவில்லை. பொதுவள நிருவாகம் தோற்றுப்போன இடங்களை ஆராயும் அத்தியாயத்தில் அது வருகிறது. வலை வளைக்கும் முறை சுழற்சியாகப் பகிரப்பட்டபோதும் வலைகளின் தொகை மீன்வரவுக்கு மிஞ்சிப் பெருகிச் சென்றதையும், புதிய வலைகளைக் கட்டுப்படுத்த விதி இருந்தும் அது நடைமுறைப்படாமல் போனதையும் அங்கே அவர் எடுத்துக்காட்டுகிறார். அந்தத் தரவு ஒஸ்ட்ரம் தாமே சேகரித்ததன்று. 1970களின் தொடக்கத்தில் அந்தக் கிராமத்தில் தங்கி ஆராய்ந்த போல் அலெக்சாண்டர் என்ற மானிடவியலாளரின் எழுத்துகளிலிருந்து பெறப்பட்டது அது. அவருடைய கட்டுரை 1977இலும் நூல் 1982இலும் வெளிவந்தன.

இப்படி ஒரு நூலைத் திறந்தால் இன்னொரு நூலின் வாசல் தெரியும். தென்கரையில் சிக்கல் வலைகளின் பெருக்கத்தால் வந்தது. வடகிழக்குக் கரையில் வலைகள் பெருகினவா, அல்லது இயந்திரத்தால் ஆட்கள்தாம் குறைந்தார்களா? தென்கரையில் பங்குரிமை உறவுமுறை வழியே கைமாறியது. யுத்தகாலத்தில் இடம்பெயர்ந்து திரும்பிய ஊரில் 'பாடு', அதாவது வலை வளைக்கும் கரைப்பகுதி, யாருக்கு உரியது என்பதை யார் தீர்மானித்தார்கள்? இவ்வினாக்கள் அலெக்சாண்டரிடம் இருக்க முடியாது. யுத்தம் தொடங்குவதற்கு முன்னரே எழுதியவர் அவர். அவரை வாசிக்காமல் இவ்வினாக்களைக் கூர்மையாகக் கேட்கவும் முடியாது. மீளாய்வில் ஒரு நூல் பெற வேண்டிய இடம் இதுதான்: அது எதைக் காட்டியது, அது காட்டியது எம் கரைக்கு எவ்வளவு தூரம் பொருந்தும், எந்த இடத்தில் எம் வினா அதைவிட்டுப் பிரிகிறது என்பன சொல்லப்பட வேண்டும். பந்திகளை அப்படி எழுதினால் அவற்றின் வரிசையை யாரும் கலைக்க முடியாது.

அதே வரைவில் 'திருகோணமலை மாவட்டத்தில் இதுதொடர்பாக எந்த ஆய்வும் மேற்கொள்ளப்படவில்லை' என்ற வாக்கியமும் இருந்தது. இந்த வாக்கியம் இல்லாத முன்மொழிவை நான் அரிதாகவே காண்கிறேன். ஆய்வு இடைவெளி என்ற உபதலைப்புக்குக் கீழே எதையாவது எழுத வேண்டும் என்ற கட்டாயம் இதைப் பிறப்பிக்கிறது. உண்மை என்ன? நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தில் 2010இல் திம்மோ காஸ்பேக் சமர்ப்பித்த கலாநிதிப் பட்ட ஆய்வு, எம் மாவட்டத்துக் கொட்டியாரப்பற்றில் யுத்தகாலத்தின் நடுவிலும் இனங்களுக்கிடையே நடந்த அன்றாட ஊடாட்டங்களைப் பற்றியது. அதே பல்கலைக்கழகத்தில் 2017இல் காயத்திரி லொக்குகே சமர்ப்பித்த ஆய்வு, திருகோணமலைக் கரையோரத்தில் மீன்பிடியோடு தொடர்புடைய ஆண்கள், பெண்கள் ஆகியோரின் வாழ்வாதாரத்தையும் அடையாளத்தையும் பற்றியது. பெனடிக்ட் கோர்ஃப் 2000களில் எம் மாவட்டத்துக் கிராமங்களின் வாழ்வாதாரமும் வளப்பகிர்வும் யுத்தத்தில் எப்படி மாறின என்று தொடர்ந்து எழுதியுள்ளார். இவற்றுள் எதுவும் அந்த மாணவரின் வினாவுக்கு முழுமையான விடை தந்துவிடவில்லை. ஆயினும், எந்த ஆய்வும் இல்லை என்பது வேறு, உள்ள ஆய்வுகள் இயந்திரத்தையும் பங்குமுறையையும் எடுத்துப் பேசவில்லை என்பது வேறு. பின்னையதைச் சொல்வதற்கு வாசித்திருக்க வேண்டும். முன்னையதைச் சொல்வதற்குத் தட்டச்சு தெரிந்தால் போதும். எம் ஊரைப் பற்றி நெதர்லாந்தில் இருந்து எழுதப்பட்டவற்றை எம் ஊர் மாணவர் அறியாமல் இருப்பதில் அவருக்கு உள்ள பங்கைவிட, அந்த வாக்கியத்தைக் கேள்வியின்றிக் கடந்துபோகும் எமக்கு உள்ள பங்கு பெரிது.

இனி அந்த ஐந்தாண்டு விதி. கணினித் தொழினுட்பம் போன்ற துறைகளில் அதற்கு ஒரு நியாயம் இருக்கலாம். சமூகம், வரலாறு, வாழ்வாதாரம், விவசாயம், மரபு மருத்துவம் ஆகியவற்றில் அதை அப்படியே போட்டுப் பார்ப்பது எம் மாவட்டத்துக்கு அநீதி. 1983 முதல் 2009 வரையிலான காலத்தில் இங்கே களஆய்வு செய்வது எவ்வளவு கடினம் என்பதை உங்களில் மூத்தவர்கள் நேரில் அறிவீர்கள். அக்காலத்துக்கு முந்திய எழுத்துகளே பல பொருள்களில் எமக்குள்ள அடிப்படை ஆவணங்கள். 1986 ஏப்ரலில் கந்தளாய்க் குளத்தின் அணை உடைந்தது. இன்று அந்த நீர்ப்பாசனத் திட்டத்தில் பயிர்செய்வோரின் நீர் முகாமைத்துவத்தை ஆராயும் ஒருவர், உடைவைப் பற்றியும் அதற்குப் பிந்திய புனரமைப்பைப் பற்றியும் எழுதப்பட்டவற்றை ஐந்தாண்டு கடந்தவை என்று ஒதுக்கிவிட்டு எதை மீளாய்வு செய்வார்? ஐந்தாண்டுக்குள் வந்த ஏதோவொரு நாட்டின் ஏதோவொரு குளத்தைப் பற்றிய கட்டுரையைத்தான் அவர் எடுத்து ஒட்டுகிறார். வேறு வழி அவருக்கு இல்லை.

பழைய எழுத்தைத் தேடாமல் விட்டதால் உயிரே போன சந்தர்ப்பம் ஒன்றை மருத்துவ ஆய்வு நெறியியல் வகுப்புகளில் எடுத்துக்காட்டுவார்கள். அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 2001ஆம் ஆண்டு, ஆஸ்துமா பற்றிய ஆய்வொன்றில் தொண்டராகச் சேர்ந்த, நோயற்ற இளம் பெண் ஒருவர் ஹெக்சாமெத்தோனியம் என்ற மருந்தைச் சுவாசித்த பின்னர் நுரையீரல் செயலிழந்து இறந்தார். ஆய்வாளர் தேடிய இணையத் தரவுத்தளம் அப்போது 1966க்கு முந்திய கட்டுரைகளைக் கொண்டிருக்கவில்லை. அந்த மருந்தால் நுரையீரல் பாதிக்கப்படலாம் என்ற செய்தி 1950களின் கட்டுரைகளில் இருந்தது. எம் மாணவரின் வினாக்கொத்தால் யாரும் இறக்கப் போவதில்லை என்பது உண்மையே. ஆயினும் மீளாய்வு என்பது முன்மொழிவின் அலங்காரப் பகுதி என்ற எண்ணம் எம்மிடையே ஊறிப்போயிருப்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எண்ணிக்கை விதி செய்யும் கேடு வேறு வகையானது. குறைந்தது முப்பது உசாத்துணை என்றால், வாசிக்காததையும் வாசித்ததாகக் காட்டாமல் முப்பதை எட்ட முடியாது. இன்னொருவர் பட்டியலிலிருந்து எடுத்து ஒட்டுவதே வழி. நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் 1980இல் ஒரு கடிதம் வெளிவந்தது. ஐந்தே வாக்கியங்கள் கொண்டது. மருத்துவமனையில் போதை சார்ந்த வலிநிவாரணி பெற்ற 11,882 நோயாளரின் பதிவுகளில் நான்கு பேருக்கே அடிமைப்பழக்கம் ஏற்பட்டதாக ஆவணப்படுத்தப்பட்டிருந்தது என்று அது கூறியது. பின்னாளில் அதே இதழ் 2017இல் வெளியிட்ட பகுப்பாய்வின்படி, அந்தக் கடிதம் 608 தடவை மேற்கோள் காட்டப்பட்டிருந்தது. அவற்றுள் நூற்றுக்கு 72க்கும் மேற்பட்டவை, அடிமைப்பழக்கம் அரிது என்பதற்குச் சான்றாக அதைக் கொண்டன. நூற்றுக்கு 80க்கும் மேற்பட்டவை, அந்த நோயாளர் மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர்கள் என்ற அடிப்படை விடயத்தைக்கூடக் குறிப்பிடவில்லை. ஐந்து வாக்கியத்தைத் திறந்து வாசிக்க எவ்வளவு நேரம் ஆகும்? உலகின் பெரிய பல்கலைக்கழகங்களில் இருப்போரே அதைச் செய்யாதபோது, முப்பது என்ற எண்ணைத் துரத்தும் எம் மாணவரிடம் அந்த ஒழுக்கத்தை எதிர்பார்ப்பது பொருந்தாது.

சித்த மருத்துவத் துறையினருக்கு இதே சிக்கல் இன்னொரு வடிவில் வருகிறது. ஞாபகசக்தி பற்றி ஆராய வல்லாரையைத் தெரிவு செய்த ஒருவரின் மீளாய்வில், இந்தியக் கட்டுரைகளில் 'பிராமி' என வரும் முடிவுகள் நிறைய இருந்தன. அந்தப் பெயரால் சில இடங்களில் வல்லாரையும், பெரும்பாலும் நீர்ப்பிரமியும் குறிக்கப்படுகின்றன. தாவரவியலில் இரண்டும் வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. ஒவ்வொரு கட்டுரையிலும் எந்தத் தாவரம் என்று முறையியல் பகுதியைத் திறந்து பார்த்தபோது, அவருடைய பட்டியலில் கணிசமான பகுதி கழிந்து போயிற்று. மிஞ்சியவை சிலவே, ஆனால் அந்தச் சிலவற்றைக் கொண்டு எழுதிய மீளாய்வு நிமிர்ந்து நின்றது. குறைந்தபட்ச எண்ணிக்கை விதியின்படி அது தோற்ற மீளாய்வு.

உள்ளூர் ஆவணங்களை ஏற்பதில் குழுக்களிடையே உள்ள தயக்கத்தையும் குறிப்பிட வேண்டும். 2005இல் தொடங்கப்பட்ட 'நூலகம்' என்ற எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்கள், சஞ்சிகைகள், பாடசாலை மலர்கள், பிரதேச சாகித்திய விழா மலர்கள் பெருமளவில் இலவசமாகக் கிடைக்கின்றன. மாவட்டச் செயலகத்தின் புள்ளிவிபரக் கைநூல்கள் இருக்கின்றன. மீனவர் கூட்டுறவுச் சங்கங்களிடம் கூட்டக் குறிப்பேடுகள் இருக்கின்றன. எந்தப் பருவத்தில் எந்தப் பாட்டுக்கு யார் முறை என்பது தொடர்பான தகராறுகள் அவற்றில் திகதியோடு பதிவாகியிருக்கும் வாய்ப்பு மிகுதி. ஒப்பார் மதிப்பாய்வு செய்யப்பட்ட ஆய்விதழ்க் கட்டுரைக்கும் விழா மலர்க் கட்டுரைக்கும் ஒரே நிறை கொடுக்கச் சொல்லவில்லை. எது எந்த வகை ஆவணம், யார் எந்த நோக்கத்தோடு எழுதியது, எதற்கு மட்டும் அதை நம்பலாம் என்று எடைபோட்டுப் பயன்படுத்தும் மாணவரை, 'இது தரமான மூலமன்று' என்ற ஒரு வரியில் திருப்பி அனுப்பாதீர்கள் என்றே கேட்கிறேன். அப்படித் திருப்பி அனுப்பப்பட்டவர், அந்த இடத்தை நிரப்பக் காசு வாங்கிக்கொண்டு எதையும் வெளியிடும் ஆய்விதழ் ஒன்றின் கட்டுரையைக் கொண்டு வந்தால், அதை நாம் தரமான மூலமாக ஏற்றுக்கொள்கிறோம்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. இல்லாத கட்டுரைகளுக்கு ஆசிரியர் பெயரும் ஆண்டும் இதழின் பெயரும் சேர்த்து அவை கொடுக்கின்றன என்பது எல்லோரும் அறிந்தது. எண்ணிக்கையும் பக்கமும் கேட்கப்படும் வரை அவற்றின் உதவி தவிர்க்க முடியாதது. ஒப்புமைச் சோதனை மென்பொருளும் அங்கே பயன்படாது, ஏனெனில் இல்லாத கட்டுரையோடு எதுவும் ஒத்துப்போகாது.

என் வேண்டுகோள்கள் பெரியவையல்ல. முழு முன்மொழிவைக் கேட்பதற்கு இரண்டு மாதம் முன்னதாக, இரண்டு பக்கத்தில் ஒரு குறிப்பை வாங்குங்கள். அதில் ஆய்வு வினா இருக்க வேண்டும். அந்த வினாவுக்கு மிக அருகில் வரும் மூன்று ஆக்கங்கள் எவை, ஒவ்வொன்றும் எதைக் காட்டியது, எதைத் தொடாமல் விட்டது என்பது இருக்க வேண்டும். எந்தத் தரவுத்தளத்தில், எந்தச் சொற்களைக் கொண்டு, தமிழிலும் ஆங்கிலத்திலும் முடியுமானால் சிங்களத்திலும் எப்படித் தேடினார் என்பது பத்து வரியில் இருக்க வேண்டும். மருத்துவத் துறையில் முறைசார் மீளாய்வு எழுதுவோர் பிரிஸ்மா என்ற நெறிமுறைப்படி தம் தேடலை முழுமையாக அறிக்கையிடுகிறார்கள். அதில் நூற்றில் ஒரு பங்கைத்தான் நான் இங்கே கேட்கிறேன். நேர்முகத்தின்போது அந்த மூன்று ஆக்கங்களையும் கையோடு கொண்டுவரச் சொல்லி, அவற்றில் ஒன்றை நீங்கள் எழுந்தமானமாகத் திறந்து இரண்டு கேள்வி கேளுங்கள். ஒரு மாணவருக்குப் பத்து நிமிடம் போதும். வாசித்தவர் யார் என்பது அந்தப் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

காலஅட்டவணையையும் மாற்ற வேண்டும். இன்று பல இடங்களில் வினாக்கொத்துத் தயாரான பின்னரே மீளாய்வு எழுதப்படுகிறது. தலைப்பு ஏற்கப்பட்ட திகதிக்கும் முன்மொழிவு ஒப்படைக்கும் திகதிக்கும் இடையே சில கிழமைகளே இருப்பதுதான் காரணம். பாடசாலையில் கற்பித்துக்கொண்டு, பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு, சனி ஞாயிறில் விரிவுரைக்கு வரும் ஆசிரியை ஒருவர் அந்தக் கிழமைகளுக்குள் மூன்று நூலை வாசித்து முடிப்பது எப்படி என்று எண்ணிப் பாருங்கள். தலைப்பை முந்திய தவணையிலேயே தெரிவு செய்ய விட்டால் இந்த நெருக்கடி பாதியாகக் குறையும். அதற்கு மேலதிக நிதியோ ஆளணியோ வேண்டியதில்லை.

பக்க எண்ணிக்கை, உசாத்துணை எண்ணிக்கை, ஐந்தாண்டு வரம்பு ஆகிய மூன்று விதிகளையும் ஒரே தடவையில் நீக்குவது பீட மட்டத்தில் இயலாதெனின், ஐந்தாண்டு வரம்பை மட்டுமாவது அடுத்த தொகுதி மாணவருக்கான வழிகாட்டிக் குறிப்பு அச்சாவதற்கு முன் எடுத்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். மேலே சொன்ன இரண்டு பக்கக் குறிப்புக்கான மாதிரிப் படிவம் ஒன்றைத் தமிழில் தயாரித்து வைத்திருக்கிறேன். அதைத் திருத்தவோ நிராகரிக்கவோ உங்களுக்கு முழு உரிமை உண்டு. எந்தக் குழு கேட்டாலும் அனுப்பி வைப்பேன். அழைத்தால் நேரில் வந்தும் விளக்குவேன்.

இங்ஙனம்,
முன்மொழிவுகளுக்கு மொழித்திருத்தம் செய்யும் ஓய்வுநிலை ஆசிரியர் ஒருவர்,
திருகோணமலை.